மெற்றில்டாவின் ஏச்சும் ஓர் எலிப் பெட்டியும்

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்குள் மெற்றில்டாவின் ஏச்சுக்குத் தனி மரியாதை இருந்தது. அவள் குசினிக்குள் நின்று தொடங்கினால் மூன்றாம் வீட்டு கொன்ஸ்ரன்ஸ் தன் றேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். ஏச்சில் தூஷணம் ஒரு சொல்லும் இராது. செவ்வாய்தோறும் அந்தோனியார் கோயிலில் முழங்காலில் நிற்கிற பெண், அதெல்லாம் வாயில் வராது. ஆனால் அடுப்பில் விழுந்த உப்புக்கல் மாதிரி படபடவென்று வெடிக்கும். கேட்கிற ஆளுக்கு இடையில் ஒரு சொல் நுழைக்க வழி கிடைக்காது.

கேட்கிற ஆள் எப்போதும் ஒருவர்தான், அவள் புருசன் நோபேட். துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவர். கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து மாவு மூட்டைகளைக் கயிற்றில் தூக்கிக் கரையில் ஒரு தட்டுப்படாமல் வைப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். ஏச்சுக்கும் எப்போதும் ஒரே காரணம்தான், அவருடைய சிகரெட். கலியாணம் முடித்த வருசம் தொடங்கியது. பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து, ஒருவன் டுபாய்க்கும் ஒருத்தி கட்டிக்கொடுத்து வத்தளைக்கும் போன பிறகும் ஓயவில்லை. அவள் ஏசுவாள், அவர் எழும்பி வாசலுக்குப் போவார். இப்படியே காலம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன் நோபேட்டின் வலது கால் பெருவிரல் கறுத்தது. சப்பாத்து கடித்த காயம் என்று அவர் கறுத்தெண்ணெய் பூசிப் பார்த்தார். ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் வாட்டில் மறித்து வைத்துச் சோதித்த பெரிய டொக்டர், மெற்றில்டாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். காலுக்கு இரத்தம் போகிற குழாய் அடைத்துவிட்டது, ஒப்பரேசன் செய்து வேறு பாதை வைக்கலாம், ஆனால் புகைக்கிற ஆளுக்கு வைத்துப் பயனில்லை, அதுவும் அடைத்துவிடும். தை மாதம் வரை ஒன்றுகூடப் பத்தாமல் இருந்தால் கத்தியைத் தொடுகிறேன், இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்கிறதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்றார்.

வாட்டில் இருந்த நாள் முழுக்க நோபேட்டுக்குச் சிகரெட் நினைவே வரவில்லை. "பாத்தியா மெற்றி, நான் நினைச்சா விடுவன். நீதான் சும்மா கத்திக்கொண்டிருந்தனீ" என்று பெருமை பேசினார். அவளும் நம்பினாள். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அவர் வீட்டுக்கு வருகிற அன்று இறால் குழம்பும் பருப்பும் வைத்து, வாசலோரத்துச் சாய்கதிரையைத் துடைத்துப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீயை அவருடைய பழைய கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். எல்லாம் முன்னையைப் போலவே இருக்க வேண்டும், மனுசனுக்கு ஒரு குறையும் தெரியக்கூடாது என்பது அவள் எண்ணம்.

பிளேன்ரீ பாதி குடித்ததும் நோபேட் கதிரையில் நெளியத் தொடங்கினார்.

"என்ன, கால் வலிக்குதா?"

"இல்ல. சும்மா."

"சும்மா எண்டா? எனக்குத் தெரியாதா அந்த முழி? இவ்வளவு பட்டும் புத்தி வரல்லியா? இனி அந்தச் சனியன வாயில வைச்சீங்களெண்டா, கால வெட்டி எடுக்கேக்க நான் பக்கத்தில நிக்க மாட்டன், சொல்லிப்போட்டன்!"

நோபேட் எழும்பினார். "கொஞ்சம் காத்து வாங்கிற்று வாறன்" என்று நொண்டிக்கொண்டு ஒழுங்கை முனைக்குப் போனார். அங்கே ஸாலிஹின் கடை. கடை வாசலில் தும்புக் கயிறு ஒன்று தொங்கும், அதன் நுனியில் எந்நேரமும் நெருப்புக் கனன்றுகொண்டிருக்கும். ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவர்கள் குனிந்து அதில் பற்றிக்கொண்டு போவார்கள். நோபேட் திரும்பி வரும்போது அவருடைய மூச்சிலேயே விசயம் இருந்தது.

அடுத்த நாள் காலை மெற்றில்டா ஸாலிஹிடம் சண்டைக்குப் போனாள்.

"ஸாலிஹ், உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. அந்தாளுக்குச் சிகரெட் விக்கலாமா?"

"அக்கா, அல்லாவுக்காகச் சொல்றன், நேத்து ஒண்டுதான். அவர் நிண்ட நிலையப் பாத்து எனக்கே தாங்கேல்ல. கயித்துக்குக் கிட்ட நிண்டு மூக்கால இழுத்துக்கொண்டிருந்தார். இனி ஒண்டும் குடுக்க மாட்டன். கயித்தையும் வேணுமெண்டா உள்ளுக்க கட்டுறன்."

சொன்னபடியே கயிற்றை உள்ளே கட்டினான் ஸாலிஹ். நல்ல மனுசன். ஆனால் கொட்டாஞ்சேனையில் கடைக்கா பஞ்சம்? நோபேட் இரண்டாவது முறையும் வேறெங்கோ பற்றிவிட்டு வந்தார். இந்த முறை மெற்றில்டா ஏசவில்லை, அழுதாள். முன்னறையில் வாடகைக்கு இருந்த சிவமணி அப்போதுதான் வேலையால் வந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.

சிவமணி சாவகச்சேரிப் பிள்ளை. பொரளையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எலிகளோடு வேலை. முதலில் அது தெரிந்தபோது மெற்றில்டா, "எலி தொட்ட கையால என்ர சட்டிபானையத் தொடாத பிள்ளை" என்று சொன்னவள்தான். இப்போது அவளுடைய வெள்ளிக்கிழமை மரக்கறிக்கென்று மீன் படாத தனிச் சட்டி வைத்திருக்கிறாள். யுத்த காலம், வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டும்; அவள் பெயரைப் பதிய நோபேட் தானே கூடப்போய், "இது எங்கட பிள்ளை மாதிரி" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். நோபேட் தலையைக் குனிந்தபடி பிசைந்துகொண்டிருந்தார். சிவமணி மெல்லத் தொடங்கினாள்.

"அங்கிள், கோவிக்காதேங்கோ. வாட்டில உங்களுக்கு ஆசை வரேல்லத்தானே?"

"வரேல்ல. சத்தியமா வரேல்ல. வீட்டுக்கு வந்த உடனதான் பேய் பிடிச்ச மாதிரி."

"எங்கட எலியளும் அப்படித்தான்."

"என்ன, என்னை எலி எண்டுறியா?"

"ஐயோ இல்லை அங்கிள்! கேளுங்கோவன். ஒரு பெட்டிக்குள்ள சின்ன லீவர் ஒண்டு கிடக்கு. எலி அதை அமத்தினா, நரம்புக்குள்ள வைச்ச குழாயால கொஞ்சம் நிக்கொட்டின் போகும். அதே நேரம் ஒரு லைற் பத்தும், ஒரு சத்தமும் கேக்கும். எலி பழகியிடும், திரும்பத் திரும்ப அமத்தும்."

"பாவம் அதுகள்" என்றாள் மெற்றில்டா, சொதி ஊற்றிக்கொண்டே.

"ஓம் அன்ரி, பாவம்தான். பிறகு நாங்கள் நிக்கொட்டினை நிப்பாட்டிப் போட்டு லைற்றை மட்டும் விடுவம். அப்பவும் கன நாளைக்கு விடாமல் அமத்தும். மற்றப் பக்கமா, நிக்கொட்டினைக் குடுத்துக்கொண்டு லைற்றை எடுத்துவிட்டா, அமத்துறது நல்லாக் குறைஞ்சிடும். லைற்றைத் திரும்பப் போட்டா, பழையபடி ஏறும்."

நோபேட் இடியப்பத்தை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"அப்ப சாமான விட லைற்தான் கூட வேலை பாக்குது?"

"ரெண்டும் சேர்ந்துதான் அங்கிள். ஆனா லைற்றை நாங்கள் லேசா நினைக்கக் கூடாது எண்டு எங்கட புரொபெசர் சொல்லுவார். வாட்டில உங்களுக்கு லைற் இல்லை. இஞ்ச இருக்கு."

மெற்றில்டா அகப்பையை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள். "அப்ப எங்கட ஆளுக்கு எது லைற்?"

அடுத்த நாளே லைற் தேடும் வேலை தொடங்கியது. சாய்கதிரை வாசலை விட்டுப் பின்விறாந்தைக்குப் போனது. இஞ்சிப் பிளேன்ரீக்குப் பதிலாகக் கொத்தமல்லித் தண்ணீர், அதுவும் பேரப்பிள்ளையின் முயல் படம் போட்ட கோப்பையில். கறியிலிருந்து கருவாடு போனது, கருவாடு சாப்பிட்டால் ஒன்று பத்தத்தான் வேண்டும் என்று அவரே எப்போதோ சொன்னதற்காக. சிகரெட் பெட்டி இருந்த சேட்டுப் பொக்கெற்றுக்குள் செபமாலையைப் போட்டுவிட்டாள். நோபேட் எல்லாவற்றுக்கும் ஆட்டுக்குட்டி போலத் தலையாட்டினார். காலைப் பற்றிய பயம் அவருக்கு உள்ளூர இருந்தது. வின்சில் ஏற முடியாத ஆளாகப் போவதை நினைத்து ஒருநாள் பின்விறாந்தையில் தனியாக இருந்து கண்ணைத் துடைத்ததை மெற்றில்டா பார்த்துவிட்டாள்.

ஆனாலும் சில நேரம் அவருக்கு ஆசை திடீரென்று ஏறியது. ஏன் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து பாணும் சம்பலும் சாப்பிட்ட கையோடு மெற்றில்டா ஏதோ ஏசத் தொடங்கினாள். ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டதற்கு என்று நினைக்கிறேன், சிகரெட் விசயமே இல்லை. அடுக்கிக்கொண்டே போனவள், சிவமணி பத்திரிகைக்கு மேலால் நோபேட்டின் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"என்ன பிள்ளை பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அன்ரி."

"ஒண்டுமில்லையெண்டா ஏன் முகம் இப்படிப் போகுது? சொல்லு!"

"அன்ரி... நீங்கள் ஏசத் தொடங்கினதும் அங்கிளின்ர கை பொக்கெற்றுக்குப் போகுது. நீங்கள் நிப்பாட்டினா கீழ வருது. இப்ப கேள்வி கேட்டீங்கள், திரும்பப் போயிட்டுது."

மெற்றில்டா திரும்பிப் பார்த்தாள். நோபேட்டின் வலது கை சேட்டுப் பொக்கெற்றில் செபமாலையைத் தடவிக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரியாது. தெரிந்ததும் சூடுபட்டவர் மாதிரிக் கையை எடுத்தார்.

அவள் கதிரையில் பொத்தென்று இருந்தாள். முப்பது வருசமாக அவள் ஏசினாள், அவர் வாசலுக்குப் போனார், அங்கே பற்றினார். சிகரெட்டை விடச் சொல்லி ஏசிய ஏச்செல்லாம் ஒன்றுவிடாமல் விளக்காக நின்று பற்ற வைத்திருக்கிறது. "என்ர அந்தோனியாரே, நானா அந்த லைற்?" என்றாள். சிரிக்கிறதா அழுகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நோபேட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் அவள் ஏச வாயெடுத்து, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஏச்சு இல்லை. சொல்வதற்கு இலகு. நோபேட் செருப்போடு குசினிக்குள் வந்தார், அவள் உதட்டைக் கடித்தாள். மீன்காரன் அழுகின சூரையைத் தலையில் கட்டியதை அவர் பேசாமல் வாங்கி வந்தார், அவள் பின்வளவுக்குப் போய்த் தென்னைமரத்தைப் பார்த்து நாலு சொல் சொல்லிவிட்டு வந்தாள். மூன்றாம் வீட்டு கொன்ஸ்ரன்ஸ் பொறுக்க முடியாமல் ஒரு பின்னேரம் கேக் துண்டோடு வந்தாள்.

"மெற்றில்டா, சுகமில்லியா? சத்தத்தையே காணல்ல. என்னவும் பிரச்சினையா, நோபேட் அண்ணனோட கோவமா?"

"கோவமெண்டா ஏசி இருப்பனே. அந்தாளுக்கு வைத்தியம் நடக்குது" என்றாள் மெற்றில்டா. அதற்குமேல் விளக்கினால் எலிக்கதையும் சொல்ல வேண்டிவரும் என்று நிறுத்திக்கொண்டாள்.

வைத்தியம் வேலை செய்தது. ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது, மழை நாள்தோறும் பின்னேரம் கூரையில் கொட்டியது, நோபேட் ஒன்றுகூடப் பத்தவில்லை. கைக்கு வேலையில்லாததுதான் அவருக்குப் பெரிய கரைச்சல். ஒருநாள் சிவமணி, பெட்டியொன்றின் லீவர் இறுகிப் போய்விட்டது, புதுசு வெளிநாட்டிலிருந்து வரக் காலமெடுக்கும் என்று சொல்ல, "கொண்டு வா பிள்ளை, வின்சின்ர லீவரையே பிரிச்சுப் பூட்டினவன் நான், எலியின்ர லீவரா எனக்குப் பெரிசு?" என்றார். சிவமணிக்கு அவருடைய முகத்தைப் பார்த்து மறுக்க மனம் வரவில்லை. புரொபெசரிடம் கேட்டுக்கொண்டு பெட்டியைக் கழற்றி, வயரும் பல்பும் சத்தம் போடுகிற குமிழும் சுவிச்சுமாக ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

குண்டுக்குப் பயந்து தெருவெல்லாம் செக்பொயின்ற் போட்டிருந்த அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை, வயரும் சுவிச்சும் உள்ள பெட்டியோடு பஸ்ஸில் வரலாமா? சிவமணி, புரொபெசர் என்ற படித்த மூளை இரண்டுக்கும், சேர்த்து நோபேட்டின் மூளைக்கும் அது எட்டவில்லை. எலி, லீவர், கால் என்ற நினைப்பிலேயே எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

பொழுதுபடுகிற நேரம் ஸாலிஹ் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, ஒங்கட அந்தப் பிள்ளையச் செக்பொயின்றில பஸ்ஸால எறக்கிட்டாங்க. கையில ஏதோ வயர் பெட்டியாம். ஸ்டேசனுக்குக் கொண்டு போயிட்டாங்க. எங்கட மச்சான் அதே பஸ்ஸில வந்தவர்."

மெற்றில்டா குடையைத் தேடி உள்ளே ஓடினாள். நோபேட் ஸ்குறூட்றைவரையும் டோர்ச் லைற்றையும் எடுத்துக்கொண்டு ஏற்கனவே படியில் இறங்கிவிட்டார். மழைக்கு ஒரு திரீவீலரும் நிற்கவில்லை. அந்தக் காலோடு, கட்டுப் போட்ட விரல் சேற்றில் அழுந்த அழுந்த, பொலிஸ் வரைக்கும் நடந்தார். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். ஏச வேண்டியது நிறைய இருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

ஸ்டேசனில் சிவமணி வாங்கிலில் ஒடுங்கி இருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பெட்டி மேசைக்கு நடுவில், அதைவிட்டு எல்லோரும் தள்ளி நின்றார்கள். பெரிய அதிகாரி ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்த டெலிபோனுக்கு அங்கே பதில் இல்லை, வேலை நேரம் முடிந்துவிட்டது.

"மொகத மேக்க?" இது என்ன என்று கேட்டார் அதிகாரி, பெட்டியைக் காட்டி.

நோபேட் துறைமுகச் சிங்களத்தில் தொடங்கினார். இது எலிக்குச் சிகரெட் பழக்குகிற பெட்டி சேர், லீவர் இறுகிவிட்டது, திருத்தித் தரச் சொல்லி நான்தான் கொண்டுவரச் சொன்னேன், பிழை என்னுடையது என்றார்.

"மீயன்ட்டத சிகரட்?" எலிக்கா சிகரெட் என்று அதிகாரியின் புருவம் மேலே போனது.

"ஓவ் சேர். பாருங்க." நோபேட் கதிரையைக்கூடக் கேட்காமல் நின்றபடியே பெட்டியைப் பிரித்தார். பொலிஸ்காரர்கள் இன்னும் ஓரடி பின்வாங்கினார்கள். உள்ளே வளைந்திருந்த சுருளை எடுத்து நிமிர்த்திப் பூட்டி, டோர்ச்சின் பற்றரியை வயரில் தொடுத்து, லீவரை விரலால் அமத்தினார். மஞ்சள் பல்பு பளிச்சென்று பற்றியது. 'ப்பீ' என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு அதிகாரி தானே கிட்ட வந்து அமத்தினார். திரும்பவும் அமத்தினார். மூன்றாம் முறை சிரித்துவிட்டார். சிவமணியின் அடையாள அட்டையையும் பதிவையும் ஒருமுறை புரட்டி, காலையில் நிலையத்தில் கேட்டுப் பார்ப்போம், இனி இப்படிச் சாமானோடு பஸ்ஸில் வராதே என்றார்.

சிரித்த வாயோடு தன் பொக்கெற்றிலிருந்து பெட்டியை எடுத்து ஒரு சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை நோபேட்டுக்கு நீட்டினார். லீவர் அமத்திய உங்களுக்கும் ஒன்று வேண்டும்தானே என்று பகிடி.

பொலிஸில் பெரியவர் நீட்டுவதை வேண்டாம் என்பது அந்த நாளில் லேசான காரியமில்லை. நோபேட்டின் கை மேசையிலிருந்து எழும்பியது. ஒரு சத்தம் வைத்தால் போதும், அந்தக் கை நேரே போய்விடும் என்று மெற்றில்டாவுக்குத் தெரியும். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பா சேர்" என்றார் நோபேட். "கக்குல கப்பனவா."

வேண்டாம், காலை வெட்டிவிடுவார்கள் என்று சொல்லி, எழும்பின கையால் ஸ்குறூட்றைவரை எடுத்துப் பொக்கெற்றில் போட்டார். அதிகாரி அவருடைய சேறு படிந்த கட்டைக் குனிந்து பார்த்தார். திரீவீலர் ஒன்று பிடித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு பொலிஸ்காரனை அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, நோபேட் கதிரையில் இருந்ததுதான். மெற்றில்டாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"உங்களுக்கு மண்டைக்குள்ள என்ன இருக்கு? இந்தக் காலோட சேத்துக்குள்ள நடப்பாங்களா? திரீவீலர் வாற வரைக்கும் பொறுக்க ஏலாதா? எலிப் பெட்டி திருத்தப் போறாராம்! அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தா அதின்ர தாய்க்கு ஆர் மறுமொழி சொல்றது? உங்களுக்கு ஏதும் நடந்திருந்தா எனக்கு ஆர் இருக்கினம்?"

"அன்ரி! அன்ரி, வேண்டாம்!" சிவமணி பதறினாள்.

நோபேட்டின் கை பொக்கெற்றுக்குப் போனது. உள்ளே செபமாலையும் ஸ்குறூட்றைவரும். கை அங்கே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு வழி தெரியாமல் மடியில் வந்து விழுந்தது. அவர் எழும்பவில்லை. வாசலையும் பார்க்கவில்லை.

சிவமணி அதைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "அன்ரி, ஏசுங்கோ. லைற்றை ஒளிச்சு வைச்சா ஆசையும் ஒளிச்சுத்தான் இருக்கும். லைற் பத்தப் பத்த ஒண்டும் கிடைக்காட்டித்தான் எங்கட எலியும் மெல்ல மெல்லக் கைவிடுறது. அங்கிள் இருக்கட்டும், நீங்கள் ஏசுங்கோ."

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும், மழை விட்ட நேரத்தில், மெற்றில்டா ஏசினாள். கொத்தமல்லித் தண்ணீரை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் இருந்து ஏசுவாள், அவர் எழும்பக்கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். முதல் கிழமை கை ஏறி ஏறி இறங்கியது. பிறகு பாதியில் நின்றது. மூன்றாம் வீட்டில் றேடியோ பழையபடி குறைந்தது. ஏசக் காரணம் தீர்ந்துபோன நாள்களில் நோபேட்டே எடுத்துக் கொடுப்பார், "அந்தச் சூரை மீன் வாங்கினதுக்கு நீ இன்னும் ஏசேல்ல" என்று. சிரித்துக்கொண்டே ஏச முடியாமல் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவர் இவ்வளவு நேரம் அவளுக்கு முன்னால் இருந்ததில்லை.

தை மாதம் டொக்டர் சோதித்துவிட்டுத் தலையாட்டினார். ஒப்பரேசன் அன்று காலை நோபேட்டைப் பச்சைச் சட்டை போட்டுத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை, சிவமணி வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டு வந்திருந்தாள். மெற்றில்டாவே அதை வாங்கி அவருடைய நெற்றியில் பூசிவிட்டாள்.

"மெற்றி, பயமாக் கிடக்கு" என்றார் நோபேட். "ஒருக்கா ஏசு பாப்பம்."

"இஞ்சயா? நேர்ஸ்மார் பாக்கினம்."

"பாக்கட்டும். ஏசு."

அவள் தொடங்கினாள். உள்ளே போய் டொக்டருக்கு வின்ச் ஓட்டப் படிப்பிக்க வேண்டாம், மயக்கம் தெளிஞ்சதும் எழும்பி நடக்கிறன் எண்டு நிக்க வேண்டாம், சொன்னதக் கேட்டிருந்தா இந்தக் கட்டிலும் வேண்டாம் இந்தச் சட்டையும் வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே போனவள், இடையில் நின்றுவிட்டாள்.

"ஏன் நிப்பாட்டிற்றாய்?"

"கை எழும்பேல்ல" என்றாள் மெற்றில்டா. அவருடைய இரண்டு கைகளும் வெள்ளைத் துணிமேல் அசையாமல் கிடந்தன. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாருங்க. கை எழும்பவே இல்ல."

நோபேட் தன் கையைத் தலை தூக்கிப் பார்த்தார். அற்றெண்டன் வந்து வண்டியைத் தள்ளத் தொடங்கினான்.

"அப்ப இனிச் சும்மா ஏசு" என்றார். "எனக்குக் கேக்க வேணும்போல கிடக்கு."

ஒப்பரேசன் தியேட்டர் கதவு வரைக்கும் வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து, அவள் ஏசிக்கொண்டே போனாள்.